எர்த் மட்டும் போதும்

நார்வேயின் லில்லெஸ்ட்ரோம் நகரில் உள்ள பழைய வீடு ஒன்றில், ஊரிலிருந்து கொண்டுபோன டெஸ்டரைச் சுவர் சாக்கெட்டில் வைத்தால் இரண்டு துளைகளிலும் விளக்கு எரியும். தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இது நம்ப முடியாத காட்சி. நம் ஊர் சாக்கெட்டில் மேலே பெரிய துளை எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். டெஸ்டர் வலதில் எரியும், இடதில் எரியாது. இது நம் கைக்குப் பழகிப்போன பாடம். அந்தப் பாடத்தோடு ஆஸ்லோவிலிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிட தூரத்தில் இருக்கும் இந்த ஊருக்குப் போனால், டெஸ்டர் கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். டெஸ்டர் சரியாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டு சாக்கெட்டில் நியூட்ரல் என்ற ஒன்றே கிடையாது. இரண்டு துளைகளிலும் ஃபேஸ்தான்.

வீட்டு சாக்கெட்டிலிருந்து எர்த்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். கேள்வி சின்னதாகத் தெரியும். ஒரு கம்பியை எர்த் முனையில் சொருகினால் முடிந்தது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த முனைக்கு இரண்டு சென்டிமீட்டர் பக்கத்திலேயே உயிரைப் பறிக்கும் முனைகள் இருக்கின்றன.

எர்த்தை மட்டும் எதற்குத் தனியாக எடுக்க வேண்டும்? மின்னணுப் பொருள்களைத் திறந்து பழுது பார்ப்பவர்களுக்கு இது தேவைப்படும். லில்லெஸ்ட்ரோமின் குளிர்காலத்தில் இன்னும் அதிகம் தேவைப்படும். வெளியே மைனஸ் 10 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்றில் இரண்டேகால் கிராம் அளவுக்குத்தான் நீராவி நிற்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாகும்போது 17 கிராம் வரை தாங்கக்கூடியதாக மாறுகிறது. உள்ளே இருப்பதோ அதே இரண்டேகால் கிராம். அதாவது ஈரப்பதம் 13 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். சமையலும் குளியலும் நம் மூச்சும் கொஞ்சம் ஈரம் சேர்க்கும் என்றாலும், சென்னையின் 70, 80 சதவீதத்தோடு ஒப்பிட்டால் அது பாலைவனக் காற்று. கம்பளி சாக்ஸோடு தரைவிரிப்பில் நான்கு அடி நடந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுளீரென்று பொறி பறக்கும். சென்னையில் ஈரக் காற்றே உடலில் சேரும் மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும் என்பதால் நாம் இதை அதிகம் அறிந்ததில்லை.

அந்தப் பொறியின் மின்னழுத்தம் சாதாரணமாக 10,000 வோல்ட்டைத் தொடும். ஆனால் அதில் இருக்கும் ஆற்றல் மிகக் குறைவு. மனித உடல் 100 பிக்கோஃபாரட் அளவுள்ள ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்கிறது; 10,000 வோல்ட்டில் அது சேமிக்கும் ஆற்றல் ஐந்து மில்லிஜூல்தான். மனிதனுக்கு ஒரு சுளீர். மதர்போர்டில் இருக்கும் சில்லுக்கு அது மரணம். சில வகைச் சில்லுகள் 250 வோல்ட்டுக்கும் குறைவான நிலைமின் அதிர்ச்சியிலேயே பழுதாகும். மனிதனுக்கோ 3,000 வோல்ட்டை எட்டினால்தான் பொதுவாக உணர்வே வரும். நீங்கள் எதையும் உணராமலேயே லேப்டாப்பின் நினைவகத்தைக் கொன்றுவிடலாம். அதனால்தான் பழுது பார்ப்பவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு, அதன் வயரை எர்த்தில் இணைக்கிறார்கள்.

இந்தப் பட்டையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பட்டைக்கும் எர்த்துக்கும் இடையே 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகாஓம் மின்தடை வைத்திருப்பார்கள். மின்னூட்டம் இறங்க வழி செய்துவிட்டு, அந்த வழியிலேயே ஏன் தடையையும் வைக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பிக்கோஃபாரட் உடல், ஒரு மெகாஓம் தடை வழியாகத் தன் மின்னூட்டத்தை இறக்க எடுக்கும் நேரத்தின் அளவுகோல் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிநொடிக்குள் உடல் காலியாகிவிடும். கண் இமைப்பதற்கே நூறு மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஆகவே தடை இருந்தாலும் நிலைமின்னுக்கு அது தடையே இல்லை.

இப்போது மறுபக்கம். பட்டை கட்டிய கையோடு, தவறிப்போய் மறு கை 230 வோல்ட் முனை ஒன்றில் பட்டுவிட்டது என்று வையுங்கள். தடை இல்லாமல் நேரடியாக எர்த்தில் கட்டப்பட்ட உடலின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். ஒரு கையில் ஏறி நெஞ்சைக் கடந்து மறு கையில் இறங்கும் இந்த மின்னோட்டம் சில நொடிகள் நீடித்தால் இதயத்துடிப்பு குலைந்து உயிர் போகும். இடையே ஒரு மெகாஓம் இருந்தால் பட்டை வழியே ஓடுவது 0.23 மில்லிஆம்பியர். தோல் மின்சாரத்தை உணரத் தொடங்கும் அளவு 0.5 மில்லிஆம்பியர், அதற்கும் பாதிதான் இது. ஒரு சிறிய கார்பன் தடை, ஒரே நேரத்தில் சில்லையும் காக்கிறது, மனிதனையும் காக்கிறது. மின்பொறியியலில் இவ்வளவு அழகாக அமைந்த தீர்வுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆக, எர்த்தோடு உடலை இணைப்பது பாதுகாப்பைக் கூட்டுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தடையில்லாமல் எர்த்தில் கட்டப்பட்ட மனிதன், ரப்பர் செருப்போடு மரத்தரையில் நிற்கும் மனிதனைவிட ஆபத்தான நிலையில் இருக்கிறான். எர்த் கம்பி இரும்புப் பெட்டிகளுக்காக உண்டானது. மனிதன் அதில் கட்டிக்கொள்வதானால் இடையே அந்த ஒரு மெகாஓம் இருந்தே ஆக வேண்டும்.

சரி, வயரை எங்கே கொண்டுபோய்ச் சொருகுவது? இங்கேதான் நம்மவர்களின் கைப்பழக்கம் பயமுறுத்துகிறது. தமிழ்நாட்டில் வயர் நுனியை உரித்து சாக்கெட் துளையில் விட்டு, அது கழன்றுவிடாமல் தீக்குச்சி வைத்து இறுக்குபவர்களைப் பார்க்காதவர் இல்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், சதுர முனைகள் கொண்ட பிரிட்டிஷ் வகை சாக்கெட்டில் இரண்டு முனை பிளக்கை நுழைக்க, மேல் துளையில் பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு அழுத்துவார்கள். அந்த மேல் துளைதான் எர்த். பிளக்கின் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்கு ஒரு காரணம், அது முதலில் உள்ளே போய், கீழே ஃபேஸையும் நியூட்ரலையும் மூடியிருக்கும் தடுப்பை விலக்க வேண்டும் என்பதுதான். அந்த வகை சாக்கெட்டில் எர்த் துளைக்குள் எதை விட்டாலும், கீழே ஆபத்தான இரண்டு கதவுகளைத் திறந்துவிடுகிறீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் செய்வது எவ்வளவு கொடுமை என்று சொல்லத் தேவையில்லை.

படித்தவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. சாதாரண மூன்று முனை பிளக்கை எடுத்து, உள்ளே ஃபேஸ், நியூட்ரல் வயர்களைக் கழற்றிவிட்டு, எர்த் வயரை மட்டும் விட்டு மூடுவார்கள். பார்க்கக் கச்சிதமாகத்தான் இருக்கும். அந்தப் பிளக்கைத் திறந்து கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஃபேஸ் முனையின் பித்தளைத் தண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. சாக்கெட்டில் சொருகியதும் அதில் முழு மின்னழுத்தம் வந்துவிடும். எர்த் வயரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சின்னத் திருகு. சொருகிச் சொருகி எடுப்பதில் திருகு ஒருநாள் தளரும். வயர் கழன்று, அதன் மெல்லிய செம்பு இழைகள் பக்கத்தில் இருக்கும் ஃபேஸ் தண்டின் மேல் சாயும். அந்த நொடியிலிருந்து, எர்த் என்று நம்பி நீங்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் வயர் ஃபேஸாகிவிடும். இந்தத் தவறு நடந்ததை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சரியான வழி எளிமையானது. எர்த் இணைப்புக்கென்றே செய்யப்பட்ட பிளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் ஃபேஸ், நியூட்ரல் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் பிளாஸ்டிக் முனைகள்தான் இருக்கும். சாக்கெட்டுக்குள் போய் நிற்பதற்கு மட்டும் அவை. உலோகம் இருப்பது எர்த் முனையில் மட்டும். நல்ல வகைப் பிளக்குகளில் அந்த ஒரு மெகாஓம் தடையும் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். பட்டையை மாட்டுவதற்கு வெளியே ஒரு குமிழ். உள்ளே எது கழன்றாலும் ஃபேஸைத் தொட வழியில்லை, ஏனென்றால் பிளக்கின் உடலுக்குள் ஃபேஸே வருவதில்லை. கவனமாக இருங்கள் என்று மனிதனுக்கு அறிவுரை சொல்வதைவிட, தவறு நடக்கவே இடமில்லாதபடி பொருளைச் செய்வதுதான் பொறியியல். இந்தியாவின் மூன்று முனை சாக்கெட்டுக்கும், பிரிட்டிஷ் சதுர முனைக்கும், நார்வேயில் உள்ள ஜெர்மானிய வட்ட வகைக்கும் தனித்தனியாக இவை உண்டு. ஒன்றை மற்றொன்றில் அடாப்டர் வைத்துச் சொருகுவது வேண்டாம். பல அடாப்டர்களில் எர்த் தொடர்பே இருக்காது.

நார்வேயின் வட்ட சாக்கெட்டில் எர்த்துக்குத் துளை கிடையாது. ஒரு குழிக்குள் இரண்டு வட்டத் துளைகள். குழியின் ஓரத்தில் எதிரெதிராக இரண்டு உலோகப் பட்டைகள் வளைந்து நிற்கும். அவைதான் எர்த். பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் பொருந்தும் என்பதால், எது எந்த முனை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பட்டை கண்ணுக்குத் தெரிகிறதே, விரலால்கூடத் தொடலாமே, ஒரு முதலை கிளிப்பை அதில் கவ்வவிட்டால் என்ன என்று தோன்றும். கிளிப் நழுவினால் விழும் இடம் அந்தத் துளைகளின் வாய். செய்யாதீர்கள்.

இப்போது இரண்டு துளைகளிலும் எரிந்த டெஸ்டருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் புறப்படுகின்றன. அந்த நியூட்ரலை அங்கேயே மண்ணில் புதைத்துக் கட்டிவிடுகிறார்கள். அதனால் நியூட்ரலுக்கும் நாம் நிற்கும் தரைக்கும் இடையே மின்னழுத்தம் அநேகமாகப் பூஜ்யம். ஃபேஸுக்கும் தரைக்கும் 230 வோல்ட். நார்வேயின் பழைய மின்வலைகளில் டிரான்ஸ்ஃபார்மரின் நடுப்புள்ளியை மண்ணோடு கட்டுவதில்லை. நியூட்ரல் கம்பி வீடுகளுக்கு வருவதுமில்லை. மூன்று ஃபேஸ் கம்பிகள் மட்டும் வருகின்றன. எந்த இரண்டுக்கும் நடுவே 230 வோல்ட். வீட்டு சாக்கெட்டில் அவற்றில் இரண்டு இருக்கும். மண்ணோடு கட்டப்படாவிட்டாலும், கம்பிகளுக்கும் தரைக்கும் இடையே உள்ள மின்தேக்கத் தன்மையால் மூன்று ஃபேஸும் தரையிலிருந்து ஏறக்குறைய சம தூரத்தில் நிற்கும். 230-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் 133 வோல்ட்தான் அந்தத் தூரம். ஆக, மல்டிமீட்டரை ஒரு துளைக்கும் எர்த் பட்டைக்கும் இடையே வைத்தால் 130-ஐ ஒட்டி வரும். அடுத்த துளையிலும் அதேதான். டெஸ்டருக்கு அது போதும், இரண்டிலும் எரியும்.

எங்கோ ஒரு வீட்டில் ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? நம் ஊரில் ஃபியூஸ் போகும், அல்லது ட்ரிப்பர் விழும். அங்கே உடனே எதுவும் நின்றுவிடாது. நடுப்புள்ளி மண்ணில் கட்டப்படாததால் மின்னோட்டம் திரும்பிப் போக நல்ல பாதை இல்லை. தரையைத் தொட்ட ஃபேஸ் பூஜ்யமாகும். மற்ற இரண்டும் தரையைப் பொறுத்து 230 வோல்ட்டுக்கு எழும்பும். அப்போது உங்கள் சாக்கெட்டில் வந்திருக்கும் இரண்டும் பழுதுபடாத ஃபேஸ்களாக இருந்தால், இரண்டு துளைகளிலும் 230 காட்டும். ஒன்று பழுதான ஃபேஸாக இருந்தால் ஒன்றில் பூஜ்யம், மற்றதில் 230. அதைப் பார்த்து, 'ஆகா, இது நம்ம ஊர் மாதிரி, இதுதான் நியூட்ரல்' என்று ஒருவர் முடிவு செய்தால் அது எத்தனை பெரிய விபரீதம்! அடுத்த நாள் பழுதைச் சரிசெய்ததும் அந்த 'நியூட்ரல்' மறுபடி 133 வோல்ட்டில் இருக்கும். நம் ஊரில் எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையே எர்த்தாக வைத்து ஒப்பேற்றும் கெட்ட பழக்கம் உண்டு. நம் ஊரிலேயே அது ஆபத்து. லில்லெஸ்ட்ரோமின் பழைய வீட்டில் அது நேரே ஃபேஸைக் கையில் கட்டிக்கொள்வது. நீல வயர் என்றால் நியூட்ரல் என்ற நம்பிக்கையும் அங்கே உதவாது. அந்த வீடுகளில் நீல வயரிலும் ஃபேஸ் ஓடும். புதிய குடியிருப்புகளில் நியூட்ரலோடு கூடிய 400 வோல்ட் மின்வலை வந்துவிட்டது என்பதால், ஒரே நகரில் இரண்டு முறைகளும் அருகருகே இருக்கின்றன. மஞ்சள்-பச்சைக் கோடு போட்ட வயர் மட்டும் எல்லா இடத்திலும் எர்த்துக்கே உரியது.

நார்வே ஏன் இப்படி ஒரு முறையைத் தேர்ந்தது? முக்கியமாகச் சொல்லப்படும் காரணம் பாறை. நம் ஊர் எர்த் குழியை நினைத்துக்கொள்ளுங்கள். 38 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் கொண்ட இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றி நிரப்பி, கோடையில் தண்ணீர் ஊற்றுவோம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3043 இந்த வேலைக்கான விதிமுறை. அதே 2.5 மீட்டர் குழாயை, மின் தன்தடை 5 ஓம்-மீட்டர் உள்ள உப்புக் களிமண்ணில் இறக்கினால் எர்த்தின் தடை இரண்டு ஓமுக்கும் கீழே வரும். 5,000 ஓம்-மீட்டர் உள்ள கிரானைட்டில் துளைபோட்டு இறக்கினால் 1,600 ஓமைத் தாண்டும். 230 வோல்ட்டை 1,600-ஆல் வகுத்தால் 0.14 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃபியூஸ் இதைத் திரும்பியும் பார்க்காது. கிரைண்டரின் உடலில் ஃபேஸ் கசிந்து, அந்த எர்த் வழியாக 0.14 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், உடல் 230 வோல்ட்டில் நிற்கும், தொட்டவருக்கு மரணம். நல்ல எர்த் கிடைக்காத பாறை நாட்டில், முதல் பழுது பெரிய மின்னோட்டமாக மாறாதபடி மின்வலையையே மண்ணிலிருந்து அவிழ்த்து வைத்தது அறிவுள்ள முடிவு என்றே நினைக்கிறேன். கசிவைக் கண்டு 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு வீடு வருவதற்கு வெகு முன்னால் எடுத்த முடிவு அது.

ஆனால் லில்லெஸ்ட்ரோமைச் சுற்றியுள்ள ரூமெரிக்கே சமவெளி பாறை அல்ல, களிமண். பனியுகத்தின் முடிவில் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. பனிப்பாளம் உருகி அதன் பாரம் நீங்கியதும் நிலம் மெல்ல எழும்பியது. அன்றைய கடற்கரை இன்று சுமார் 200 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கடலடியில் படிந்த களிமண்ணில் உப்பு சிக்கிக்கொண்டது. உப்பு உள்ளவரை அந்த மண் 1 முதல் 10 ஓம்-மீட்டர் தன்தடை கொண்ட அருமையான கடத்தி. நாம் குழி தோண்டி மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டிச் செய்வதை, அங்கே கடல் முன்னமே செய்துவைத்திருக்கிறது.

அந்த உப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. களிமண் துகள்களை அட்டைவீடு போல ஒன்றோடொன்று சாய்த்துப் பிடித்திருப்பது அதுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழைநீரும் நிலத்தடி நீரும் உப்பைக் கழுவிக்கொண்டு போனால், துகள்களின் அடுக்கு மட்டும் வலுவில்லாமல் நிற்கும். ஓர் அசைவில் மண் குழம்பாக ஓடிவிடும். 2020 டிசம்பர் 30 அதிகாலையில், லில்லெஸ்ட்ரோமுக்கு வடக்கே யெர்ட்ரும் பகுதியின் ஆஸ்க் என்ற ஊரில் இப்படித்தான் குன்றே வழிந்தோடி, வீடுகளோடு 10 பேரைக் கொண்டுபோனது. உப்பு போன களிமண்ணின் தன்தடை 10 முதல் 100 ஓம்-மீட்டர் என்று உயர்ந்துவிடும். அதனால் நார்வேயின் நிலவியலாளர்கள் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, தடை எங்கே கூடுகிறது என்று அளந்து, வழுக்கும் களிமண் இருக்கக்கூடிய இடங்களைத் தேடுகிறார்கள். எர்த் குழியின் தரத்தைக் காட்டும் அதே அளவுதான் அங்கே நிலச்சரிவு அபாயத்துக்கும் தடயம் தருகிறது. கட்டுரையின் வழியிலிருந்து இது விலகல்தான். ஆனால் எர்த் என்று நாம் சொல்வது சுவரில் இருக்கும் ஒரு முனையோடு முடிவதில்லை, வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணின் வரலாறு வரை போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த மண் குளிர்காலத்தில் உறைகிறது. பனிக்கட்டி மின்சாரத்தைக் கடத்தாது. மேலாக இறக்கிய எர்த் கம்பி ஜனவரியில் பயனற்றுப்போகலாம். உறைநிலைக்குக் கீழே ஆழமாக இறங்க வேண்டும். நம் ஊர் எர்த் குழிக்கு மே மாதத்தில் வரும் காய்ச்சல் அங்கே ஜனவரியில் வருகிறது.

சாக்கெட்டின் எர்த் முனையில் எப்போதும் பூஜ்யம் வோல்ட்தான் இருக்கும் என்பதும் உண்மையல்ல. நார்வேயின் பழைய மின்வலையில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் இரண்டு வீடுகள் என்று வையுங்கள். ஒன்றில் முதல் ஃபேஸ் எர்த்தைத் தொடுகிறது, மற்றொன்றில் இரண்டாம் ஃபேஸ். இப்போது 230 வோல்ட் ஒரு வீட்டின் எர்த்தில் இறங்கி, மண் வழியாகப் போய், மற்ற வீட்டின் எர்த்தில் ஏறுகிறது. இரு எர்த்களும் சம தரமானவை என்றால், ஒவ்வொரு வீட்டின் எர்த்தும் மண்ணைப் பொறுத்து 115 வோல்ட்டில் நிற்கும். வீட்டுக்குள் இருக்கும் குழாய், அடுப்பு, கணினி எல்லாம் ஒரே எர்த்தில் கட்டப்பட்டிருந்தால் எல்லாமே சேர்ந்து உயரும். உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த எர்த்தை ஒரு நீண்ட வயரில் தோட்டத்துக்குக் கொண்டுபோய், ஈர மண்ணில் நின்று தொட்டால் 115 வோல்ட் உடல் வழியே இறங்கும். ஆகவே சாக்கெட்டிலிருந்து எடுத்த எர்த்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. சிற்றலை ரேடியோ ஏரியலுக்கு எர்த் வேண்டுவோரும் இதை மனதில் கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட இரட்டைப் பழுதிலும் ஆர்.சி.சி.பி. காக்கிறது. 2019-க்குள் நார்வே முழுக்கப் பொருத்தப்பட்ட புதிய மீட்டர்களில் பலவும் எர்த் பழுதைக் கண்டு மின்வலை நிறுவனத்துக்குச் சொல்லிவிடுகின்றன.

இன்னொரு சங்கடம், எர்த்தே இல்லாத சாக்கெட்டுகள். நார்வேயில் 1990-களின் இறுதிக்கு முன் கட்டிய வீடுகளில், மரத்தரை போட்ட வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் எர்த் இல்லாத சாக்கெட் வைக்க அனுமதி இருந்தது. குழியின் ஓரத்தில் அந்த உலோகப் பட்டைகள் இருக்காது. சில வீடுகளில் பிற்பாடு சாக்கெட்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். பட்டை பளபளவென்று இருக்கும், பின்னால் வயர் இருக்காது. நம் ஊரிலும் மூன்று துளை சாக்கெட்டின் பின்னால் எர்த் வயர் இல்லாத வீடுகள் எத்தனையோ. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறதா? பெரும்பாலும் அதுதான் காரணம். பவர் சப்ளையின் இரைச்சல் வடிகட்டியில் உள்ள மின்தேக்கிகள் நம் ஊரில் பெட்டியை 115 வோல்ட் அளவுக்கு உயர்த்தி நிறுத்துகின்றன. எர்த் இருந்தால் அது இறங்கியிருக்கும்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க நம் எலெக்ட்ரீஷியன்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு பல்பை எரியவிட்டுப் பார்ப்பார்கள். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அது உடனே விழுந்துவிடும். நார்வேயின் பழைய மின்வலையில் மின்னோட்டம் திரும்ப நல்ல பாதை இல்லாததால், எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பல்ப் நம் ஊரைப் போலப் பளிச்சென்று எரியாது. மல்டிமீட்டரில் வரும் 130-ம் முழு ஆதாரமல்ல. ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் எர்த்தும் அதே எண்ணைக் காட்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெயின் பெட்டியின் எர்த் கட்டையிலிருந்து சாக்கெட்டின் எர்த் பட்டை வரை தொடர்ச்சியின் தடையை ஓமில் அளப்பதுதான் சரியான சோதனை. சுவருக்குள் இருக்கும் எந்த மின்வேலையையும் பதிவு பெற்ற நிறுவனமே செய்ய வேண்டும் என்பது நார்வேயின் சட்டம். அந்தக் கண்டிப்பை நான் மனமார ஆதரிக்கிறேன்.

தண்ணீர்க் குழாயில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரும்புக் குழாய் காலத்தில் பலர் செய்தார்கள். இன்று சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக். குழாயை நம்பாதீர்கள்.

பல நேரங்களில் எர்த்தே தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில்லைக் கொல்வது மின்னழுத்த வித்தியாசம். உங்கள் கை, மேசை விரிப்பு, லேப்டாப்பின் உலோகச் சட்டம் மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் பொறி பறக்க வழியில்லை. அந்த அழுத்தம் பூஜ்யமா, ஆயிரமா என்பது பொருட்டல்ல. லேப்டாப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டுப் பட்டையை அதன் உலோகச் சட்டத்திலேயே மாட்டிக்கொண்டால் வீட்டு வேலைக்கு அது போதும். சுவரின் பக்கமே போக வேண்டாம். எப்போதாவது ஒரு ரேம் மாற்றுபவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். தினமும் மேசையில் வேலை செய்பவர், ஆட்கள் வந்துபோகும் இடத்தில் பழுது பார்ப்பவர், இவர்களுக்குத்தான் நிரந்தர எர்த் வேண்டும்.

உடலை எர்த்தோடு இணைத்துப் படுத்தால் நோய் தீரும் என்று விற்கப்படும் விரிப்புகளைப் பற்றிக் கேட்டால் என் பதில் ஒன்றுதான்: உறுதியான சான்று இல்லாத ஒரு பலனுக்காக, தூங்கும் மனிதனை இரவு முழுக்க மின்வலையின் ஒரு கம்பியோடு கட்டிவைக்கத் தேவையில்லை.

லில்லெஸ்ட்ரோமிலோ லாலாபேட்டையிலோ, எர்த் மட்டும் வேண்டும் என்ற தேவை உண்மையிலேயே உங்களுக்கு இருந்தால், முதலில் சாக்கெட்டின் எர்த்தை எலெக்ட்ரீஷியனை வைத்து ஓமில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மெயின் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை இன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு பிளாஸ்டிக் முனைகளும் ஒரு மெகாஓம் தடையும் கொண்ட எர்த் பிளக்கை உங்கள் நாட்டு சாக்கெட்டுக்கு ஏற்ற வகையில் வாங்குங்கள். விலை அதிகமில்லை. வீட்டில் ஏற்கெனவே வயரை வெட்டிச் செய்த பிளக் ஏதாவது கிடந்தால், அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். இன்னொருவர் கையில் அது கிடைக்கக் கூடாது.